கண்டி மலை ஓணான்களும் புதியவர் ஆசையும்



வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறதே குடைகிறதே என்று அழுபவனைப் பற்றி நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. வேண்டாத தொல்லையைத் தானே தேடிக்கொள்பவனைக் குறித்து எழுந்த மொழி அது. ஆனால் ஓணானை மடியில் கட்டிக்கொள்வதற்குப் பெரும் பொருள் கொடுக்கவும் ஆயத்தமாயிருப்போர் இன்றைய உலகில் பலர் உளர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பச்சோந்திகளையும், அவற்றை ஒத்த ஓணான்களையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து வளர்ப்பது ஒரு பெரும் பொழுதுபோக்கு. அதில் புதிதாக நுழைகின்றவர் முன் ஒரு கேள்வி எழுகின்றது. எளிதில் கிடைப்பதும் எளிதில் வளர்வதும் ஆகிய ஒரு பிராணியோடு தொடங்குவதா? அல்லது, கையில் பணம் இருக்கின்றதே என்று, அரியதும் விலையுயர்ந்ததும் வளர்த்தற்கு அரியதும் ஆகிய ஒன்றையே முதலில் வாங்கிவிடுவதா?

இந்தக் கேள்விக்கும் கண்டிக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. அந்த வெளிநாட்டுக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சென்று சேர்ந்த பிராணிகளுள் சில, கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே பிறந்தவை. அம்மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதவை. ஆதலால் இக்கேள்விக்கு விடை காண்பதற்கு வளர்ப்போர் எழுதும் கைந்நூல்கள் மட்டும் போதா. கண்டி மலைகளின் வரலாற்றையும் சிறிது திருப்பிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் பெயர்களைத் தெளிவு செய்துகொள்வோம். பச்சோந்தி வேறு, ஓணான் வேறு. நீண்டு பாயும் நாவும், தனித்தனியே சுழலும் கண்களும், குறடு போலக் கிளையைப் பற்றும் பாதங்களும் உடையது பச்சோந்தி. இலங்கையிலும் இந்தியாவிலும் வாழும் பச்சோந்தி ஒரே இனத்தது. இலங்கையில் அது வரண்ட பிரதேசத்துக் காடுகளுக்கு உரியது. ஈரமும் குளிரும் மிகுந்த கண்டி மலைகளில் அது இல்லை. அம்மலைகளில் உள்ளவை ஓணான் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் அவற்றுட் சில பச்சோந்தியைப் போலவே மெல்ல நடக்கின்றன, நிறம் மாறுகின்றன, அசையாது கிளையோடு கிளையாக நிற்கின்றன. பச்சோந்தி வளர்ப்போரின் கண் இவற்றின்மீது விழுந்தமைக்கு இதுவே காரணம்.

இவற்றுள் மூன்றை இங்கு அறிமுகம் செய்கின்றேன். முதலாவது, மூக்கின்மேல் உருண்டையானதொரு திரட்சியைச் சுமந்திருக்கும் பெரிய ஓணான். சிங்களத்தில் இதனைக் கரமல் போதிலிமா என்பர். வளர்ந்த ஆணின் கழுத்தின்கீழ் மஞ்சள் நிறப் பை தொங்கும். பகையைக் கண்டால் வாயை அகலத் திறந்து உட்புறச் செந்நிறத்தைக் காட்டும். இலங்கையின் ஈரவலயக் காடுகளுக்கே உரிய இது, பேராதனைக்கு எதிர்ப்புறம் அமைந்த கன்னொறுவைக் காட்டிலும் காணப்படுகின்றது. இரண்டாவது, மூக்கின் நுனியில் சிறிய இலை போன்றதொரு சதைத் தகட்டை உடைய ஓணான். மூன்றாவது, கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வாலுடைய குள்ள ஓணான். பின்னைய இரண்டும் கண்டிக்கு வடகிழக்கே எழுந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் மாத்திரமே வாழ்பவை. இறுக மூடிய கைமுட்டியின் கணுக்களைப் போல அதன் சிகரங்கள் தோன்றுவதால் ஆங்கிலேயர் அம்மலைக்கு அப்பெயரைச் சூட்டினர். சிங்கள மக்கள் வழங்கும் பெயர் தும்பறை. பனிமூட்டம் சூழ்ந்த மலை என அதற்குப் பொருள் கூறுவர்.

அரியதை விரும்பும் ஆசை கண்டிக்குப் புதியதன்று. 1660ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்தாரிடம் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேய மாலுமி றொபட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். கரும்புலி ஒன்றும், பின்னர்ப் பால்போல வெண்மையான மான் ஒன்றும் பிடிக்கப்பட்டு மன்னர் இரண்டாம் இராஜசிங்கனிடம் கொண்டுவரப்பட்டன என்றும், அவற்றை மன்னர் பெரிதும் மதித்தார் என்றும் அவர் கூறுகின்றார். இலங்கையில் புலி இல்லை ஆதலால் அந்தக் கரும்புலி கருஞ்சிறுத்தையாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய பிராணிகள் முன்னும் பின்னும் கேள்விப்படாதவை என்பதே அவற்றுக்கு மதிப்பைத் தந்தது. அருமையே விலையாகும் கதை அன்றே தொடங்கிவிட்டது.

ஆயினும் அக்காலத்தில் அந்த ஆசைக்கு ஓர் எல்லை இருந்தது. அதற்கு உரியவன் அரசன் ஒருவனே. அரண்மனைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் உடவத்தகெலேக் காடு அரண்மனையின் மேற்றோட்டமாகப் போற்றப்பட்டது. பொதுமக்கள் புகுதல் விலக்கப்பட்டமையால் அதற்குத் தடைசெய்யப்பட்ட காடு என்ற பொருளுடைய பெயரும் வழங்கிற்று. நகரின் நடுவே அக்காடு இன்றளவும் எஞ்சி நிற்பதற்கு அப்பழைய தடையும் ஒரு காரணம் எனலாம். 1938இல் அது வனசீவராசிகளின் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. மலைகளின் கதவு அத்துடன் திறந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைந்தது. 1821இல் பேராதனையில் தாவரப் பூங்கா நிறுவப்பட்டது. அதே பத்தாண்டிலே ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பின்னர் கோப்பி மலைமேல் ஏறிற்று. மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடே நடந்து, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமையை அடைந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் அந்தத் தோட்டங்கள் உருவாகின. 1867இல் இருப்புப் பாதை கண்டியை வந்தடைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறினும் அழிந்த காடு மீளவில்லை.

தெரு திறந்ததும் தோட்டக்காரர் மட்டும் வரவில்லை. பிராணி நூலாரும் வந்தனர். மூக்குத் திரட்சியுடைய ஓணானுக்கு 1758இலேயே சுவீடன் அறிஞர் லின்னேயஸ் பெயரிட்டிருந்தார். 1834இல் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஜோன் எட்வர்ட் கிரே, உயர்மலையில் வாழும் காண்டாமிருகக் கொம்பு போன்ற மூக்குடைய ஓணானை விவரித்தார். கொழும்பிலே பிறந்த மருத்துவர் கேலாட், 1852இல் இலங்கைப் பிராணிகளின் தொகுப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பணிபுரிந்த எமர்சன் டெனன்ட், 1861இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய நூலை எழுதினார். இலைமூக்கு ஓணான் டெனன்டின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றது. அப்பெயரை இட்டவர் அல்பிரட் கூந்தர் என்னும் பேரறிஞர். அதே 1861ஆம் ஆண்டில் பேர்லின் அறிஞர் பீற்றர்ஸ் குள்ள ஓணானுக்குப் பெயரிட்டார்.

இவ்வறிஞர்களின் கைக்குச் சென்ற பிராணிகள் உயிரோடு செல்லவில்லை. மதுசாரம் நிரம்பிய போத்தல்களில் மிதந்த வண்ணம் கடல் கடந்தன. அது கொடுமையெனச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நூதனசாலைக்குச் சில மாதிரிகள் போதும். அவற்றைக் கொண்டு இனத்தை வரையறுத்து, நூல் எழுதி, அறிவை எல்லார்க்கும் பொதுவாக்கினர். கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கிய கலாநிதி தெரணியகல 1953இல் வெளியிட்ட ஊர்வன பற்றிய வர்ணப் படநூல் அந்த வழியில் வந்த நற்கனியாகும்.

வளர்ப்போரின் சந்தை இவ்வாறு சிலவற்றோடு நிறைவடைவதில்லை. பெட்டியிலுள்ள பிராணி இறந்தால் அந்த இடம் வெறுமையாகின்றது. வெறுமையான இடத்துக்கு மற்றொன்று வேண்டியதாகின்றது. இறக்க இறக்க வாங்குவதும், வாங்க வாங்கப் பிடிப்பதும் ஒரு சக்கரமாகச் சுழல்கின்றன. புதியவரைப் பற்றிய நமது கேள்வி இச்சக்கரத்தின் அச்சிலே இருக்கின்றது. அதிகம் இறப்பது யார் கையில்? பழக்கமில்லாதவர் கையில்.

ஏன் இறக்கின்றன என்பதையும் சிறிது விரிவாகக் காண்போம். நக்கிள்ஸ் மலையின் உச்சியாகிய கொம்பானியா 1,906 மீற்றர் உயரமுடையது. அத்தகைய உயரங்களில் பகலிலும் காற்று குளிர்ந்திருக்கும். இரவில் மேலும் குளிரும். மேகம் மரங்களினூடே புகுந்து செல்லும். மரப்பட்டை முழுவதும் பாசி படர்ந்து நீர் கசியும். அங்கு பிறந்த குள்ள ஓணானுக்கு ஈரமே வீடு. அது முட்டையிடாது குட்டி ஈனுவது. குளிர்மிக்க மலைகளில் வாழும் ஊர்வன பலவற்றிடம் இவ்வியல்பைக் காணலாம். தாய் தன் உடலிலேயே கருவைச் சுமந்து, கிடைக்கின்ற சிறு வெயிலில் காய்ந்து அதற்குச் சூடு ஊட்டுகின்றது. அத்தகைய பிராணியை, மாரியில் நெருப்பு மூட்டி உலர்த்திய ஓர் ஐரோப்பிய வீட்டின் அறைக்குள் வைத்தால் நிகழ்வது யாது? காற்று உலரும்; உடல் வற்றும்; உணவு கொள்ளாது; சில வாரங்களில் ஒடுங்கிப் போகும்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தேனே என்று வளர்ப்பவர் கூறுவர். ஆனால் பச்சோந்தியும் இத்தகைய மலை ஓணான்களும் இலைமேல் திரளும் துளிகளைக் கண்டு பருகும் வழக்கமுடையவை. அசையாது கிடக்கும் கிண்ண நீர் அவற்றின் கண்ணுக்கு நீராகவே தோன்றாதிருக்கலாம். கிண்ணம் நிறைந்திருக்க, அதன் அருகிலேயே தாகத்தால் மடிகின்ற பரிதாபம் இதனால் நேர்கின்றது. உணவிலும் அவ்வாறே. மூக்குத் திரட்சி ஓணான் மண்புழுவை விரும்பியுண்பது. கடையில் வாங்கும் ஒரே வகைப் பூச்சியை நாள்தோறும் இட்டால் அதற்கு நிறைவு உண்டாகாது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக்கதிர் இல்லாவிடின் உடலில் சுண்ணாம்புச் சத்துச் சேராது. எலும்பு மெலிந்து வளையும். இவற்றையெல்லாம் விளக்கு, நீர்த்தெளிப்பு, வெப்பமானி, ஈரமானி ஆகியவற்றால் ஒருவாறு ஈடு செய்யலாம் என்பது உண்மையே. ஆனால் அவற்றை வாங்குவதற்கு ஒரு நாள் போதும்; பயன்படுத்தக் கற்பதற்கு ஆண்டுகள் வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மூக்குத் திரட்சி ஓணானைக் கையிற் பிடித்தால் சில வேளைகளில் அது செத்தது போலக் கிடக்கும். பகையிடமிருந்து தப்புவதற்கு இயற்கை கற்பித்த வித்தை அது. புதியவரோ அதனைச் சாதுவான குணம் என்று எண்ணி மகிழ்கின்றார். எவ்வளவு அமைதியாக என் கையில் இருக்கின்றது என்று நண்பரை அழைத்துக் காட்டுகின்றார். அச்சத்தின் உச்சியை அன்பு என்று பிழைபட விளங்கிக்கொள்ளும் இத்தகைய அறியாமை, பிராணியின் நோயையும் காணவிடாது. நாயும் பூனையும் தம் நோவைக் குரலாலும் முகத்தாலும் காட்டும். இவையோ, பலவீனத்தைக் காட்டினால் பகைவர் வாயில் விழுவோம் என்ற இயல்பினால், இறுதிவரை மறைத்தே வைக்கின்றன. பழகிய கண்ணுக்கு மட்டும் அது தெரியும். அந்தக் கண்ணே புதியவரிடம் இல்லாதது.

சரி, சட்டம் என்ன செய்தது? 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையின் காட்டுயிர்களுக்கு அரணாக எழுந்தது. 1993இலும் 2009இலும் செய்யப்பட்ட திருத்தங்கள் அந்த அரணை அகலமாக்கின. ஊர்வனவற்றையோ அவற்றின் முட்டைகளையோ அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வது குற்றம். வணிகத்துக்காக இந்த ஓணான்களை ஏற்றுமதி செய்யச் சட்டம் இடமளிக்கவில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டில் பேணற் காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு ஆகியவற்றோடு சேர்ந்து, இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இவ்வளவு இருந்தும் ஓணான்கள் வெளியேறின. எப்படி? உள்ளங்கையளவு பிராணி அது. துணிப் பொதிக்குள் மறைத்தால் யார் அறிவார்? சுங்கத்தைத் தாண்டிவிட்டால் இலங்கைச் சட்டம் அங்கேயே நின்றுவிடும். ஐரோப்பிய நாடொன்றின் சந்தையில் அது வெளிப்படையாக விலைக்கு வைக்கப்பட்டபோது, இலங்கையில் களவாடப்பட்டது என்ற காரணத்துக்காக மாத்திரம் அதைத் தடுக்க அங்கு விதி இருக்கவில்லை. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த 1973இல் வாஷிங்டனில் ஒரு சமவாயம் கைச்சாத்தாகியது. 1979இல் இலங்கையும் அதிற் சேர்ந்தது. ஆயினும் அச்சமவாயத்தின் அட்டவணைகளில் பெயர் இடம்பெற்ற இனத்துக்கே அதன் பாதுகாப்பு உண்டு. கண்டி மலை ஓணான்களின் பெயர் நெடுங்காலம் அங்கு இருக்கவில்லை.

அச்சமவாய நாடுகளின் பதினெட்டாவது மாநாடு 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்பிலே நடைபெறுவதாக இருந்தது. அவ்வாண்டின் உயிர்த்த ஞாயிறு தினத்தில் நிகழ்ந்த கொடிய தாக்குதல்களின் பின்னர் அது ஆகஸ்ட் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டு, ஜெனீவாவில் கூடியது. அங்கு இலங்கை முன்வைத்த வேண்டுகோள் பயன் தந்தது. நக்கிள்ஸின் இலைமூக்கு ஓணானும் குள்ள ஓணானும் முதலாம் அட்டவணையில் இடம்பெற்றன. அதாவது காட்டிலிருந்து பிடித்தவற்றின் சர்வதேச வணிகம் விலக்கப்பட்டது. மூக்குத் திரட்சி ஓணான் இரண்டாம் அட்டவணையில், காட்டிலிருந்து பிடித்தவற்றின் வணிக ஏற்றுமதி அளவு பூச்சியம் என்ற குறிப்போடு சேர்க்கப்பட்டது. 1861இல் பெயர் பெற்ற ஓணானுக்கு உலகளாவிய காவல் கிடைப்பதற்கு 158 ஆண்டுகள் சென்றன.

இங்கு நக்கிள்ஸ் குள்ள ஓணானைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாது விடுதல் இயலாது. நுவரெலியாப் பக்கத்து உயர்மலைகளில் வாழும் குள்ள ஓணானும் நக்கிள்ஸில் வாழ்வதும் ஒன்றே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2006ஆம் ஆண்டிலேதான் நக்கிள்ஸ் ஓணான் தனி இனம் என்று விவரிக்கப்பட்டுத் தும்பறையின் பெயரைப் பெற்றது. மாகாவலிப் பள்ளத்தாக்கு அந்த இரு மலைகளையும் பிரித்து வைத்திருப்பதே இப்பிரிவுக்கு அடிப்படை. குளிர்மலைப் பிராணி வெப்பமான பள்ளத்தாக்கைக் கடக்க மாட்டாது. ஆதலால் ஒவ்வொரு மலையும் ஒரு தீவாகின்றது. 2006க்கு முன்னரே பிடிப்போர் நக்கிள்ஸை வெறுமையாக்கியிருந்தால், ஓர் இனம் இருந்ததும் அழிந்ததும் உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கும். மலையும் முன்போல் விரிந்ததன்று. கோப்பியும் தேயிலையும் சரிவுகளைக் கொண்டன. பின்னர் ஏலக்காய்ப் பயிருக்காக உயர்காட்டின் கீழ்ச் செடிகள் அகற்றப்பட்டன. எஞ்சிய சிறு நிலத்திலிருந்து ஒன்றை எடுப்பதும், பெருங்காட்டிலிருந்து ஒன்றை எடுப்பதும் ஒப்பாகா.

இவ்வரலாறு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பச்சோந்திகளின் தாயகம் எனத்தக்க மடகஸ்கார்த் தீவிலும் இதுவே நடந்தது. அங்கிருந்து பச்சோந்திகள் பெருந்தொகையாகக் கப்பலேறின. 1995 முதல் நான்கு இனங்கள் தவிர்ந்த ஏனைய பச்சோந்திகளின் ஏற்றுமதி நெடுங்காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதேவேளை, யேமன் நாட்டுப் பச்சோந்தி போன்ற சில இனங்களை வெளிநாட்டு வளர்ப்போர் பல தலைமுறைகளாகத் தம் கூண்டுகளிலேயே பெருக்கக் கற்றுக்கொண்டனர். அவ்வாறு கூண்டில் பிறந்தவை கூண்டு வாழ்வுக்கு ஓரளவு பழகியவை, விலையும் குறைவு, அவற்றை வாங்குவதால் எந்த மலையும் வெறுமையாவதில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு கேட்போம். திறமைமிக்க வளர்ப்போர் அரிய இனங்களைக் கூண்டிலே பெருக்கினால் அவை அழியாது காக்கப்படுமே என்பர். அறிஞர் அறியாத பல வாழ்க்கை நுட்பங்களை வளர்ப்போரே முதலிற் கண்டனர் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. காட்டிலே அழிந்துபோன சில உயிர்கள் மனிதர் பேணிய தொகையிலிருந்து மீண்ட வரலாறுகள் உலகில் உள்ளன. ஆனால் அவை கணக்கெடுத்து, வம்சம் பார்த்து, அரசாங்கங்களும் விலங்கியற் பூங்காக்களும் கூடி நடத்திய முயற்சிகள். சந்தையில் ஒரு சோடியை மறைவாக வாங்கியவர் அத்தகைய முயற்சியில் பங்குகொண்டவராகார். அவர் வாங்கிய சோடி குட்டி ஈன்றாலும், அக்குட்டிகளின் தாய் எவ்வாறு கடல் கடந்தாள் என்ற கேள்வி நீங்காது நிற்கின்றது. காட்டிலே பிடித்ததைக் கூண்டிலே பிறந்தது என்று கூறி விற்கும் தந்திரமும் இவ்வணிகத்தில் நெடுநாளாக உள்ளது.

மேலும் அந்த வாதம் திறமைசாலியைப் பற்றியது; நமது கேள்வியோ புதியவரைப் பற்றியது. எக்கலையையும் பயில்பவர் பிழைவிட்டே கற்கின்றார். தச்சன் முதலில் மலிவான பலகையில் உளியைப் பழகுகின்றான். கருங்காலியை அவன் கையில் எவரும் முதல் நாளிலே கொடுப்பதில்லை. பலகை பிளந்தால் வேறு பலகை உண்டு. ஓணான் வளர்ப்பில் பிழையின் பெயர் மரணம். கூண்டிலே தலைமுறை தலைமுறையாகப் பெருகிய ஓர் இனத்தில் நேரும் மரணமும் துயரந்தான். ஆயினும் அத்துயரம் அவ்வீட்டோடு முடிகின்றது. நக்கிள்ஸிலிருந்து வந்த ஒன்றின் மரணம் அந்த வீட்டில் முடிவதில்லை. மலையின் கணக்கில் ஒன்று குறைகின்றது. அந்த வெறுமையை நிரப்ப மற்றொன்று பிடிக்கப்படுகின்றது. புதியவர் கற்கும் பாடத்துக்குக் கட்டணம் செலுத்துவது தும்பறை மலை.

உயர்ந்த விலையைப் பற்றியும் ஒரு சொல். விலை மிகுதியாயிருந்தால் பொருளும் நன்றாயிருக்கும் என்பது கடைத்தெருவில் நாம் பழகிய எண்ணம். இங்கே அந்த எண்ணம் ஏமாற்றும். அரிய ஓணானுக்குக் கேட்கப்படும் பெருவிலை அதன் உடல்நலத்துக்கு உரியதன்று. மறைத்துக் கொண்டுவந்தவர் ஏற்ற ஆபத்துக்கும், பிறரிடம் இல்லை என்ற பெருமைக்கும் உரியது. நீரின்றி நெடும் பயணம் செய்து வாடி வந்து சேர்ந்த பிராணியே பெரும்பாலும் அவ்விலைக்குக் கிடைப்பது. பணம் பிராணியைக் கையில் வைக்கும். அதை வாழவைக்கும் அறிவு பணத்தோடு வருவதில்லை.

ஆகவே விடை இதுதான். வளர்ப்பிற் புதியவர் அரிய பச்சோந்தியையோ மலை ஓணானையோ வாங்குதல் கூடாது. சட்டம் இடங்கொடுக்கும் நாட்டில் வாழ்கின்றவர், வளர்க்கும் ஆசை உண்மையானதாயின், கூண்டிலே பிறந்த எளிய இனத்தோடு தொடங்கட்டும். அதனை அதன் ஆயுள் முடியும்வரை நலமாகப் பேணிக் காட்டட்டும். நம் மலைகளுக்கே உரிய இனங்களைப் பொறுத்தவரையில், பழகியவருக்கும் விடை ஒன்றே: வாங்காதிருப்பதே அவற்றைப் பேணுதல்.

இலங்கையில் வாழும் நமக்கோ, இவற்றைக் காணக் கண்ணாடிப் பெட்டி வேண்டியதில்லை. கண்டி நகரத்து மக்களுக்கு உடவத்தகெலே நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது. கன்னொறுவைக் காடு மகாவலியின் அக்கரையில் உள்ளது. உரிய அனுமதி பெற்று நக்கிள்ஸின் வழிகளிலும் செல்லலாம். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஒன்றைக் கற்பிக்கலாம்: கிளையைத் தொடாது, கல்லெறியாது, நிழல் விழாது ஓரமாக நின்று, கால் மணி நேரம் ஓர் ஓணானையே பார்த்திருத்தல். அது எப்போது அசைகின்றது, எதைத் தின்கின்றது, எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாறுகின்றது என்று குறிப்பேட்டில் எழுதட்டும். அக்கால் மணி நேரத்திற் காண்பதைக் கூண்டு ஓர் ஆண்டிலும் காட்டாது.

மலையோரக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் வாழும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். காட்டின் நடைபாதைகளையும், எந்த மரத்தில் எந்த ஓணான் இருக்கும் என்பதையும் உங்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை. அதனாலேயே பிடிப்போர் முதலில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைத்தான் நாடுவர். சில நூறு ரூபா கொடுத்து, ஒன்று இரண்டு பிடித்துத் தா தம்பி என்று கேட்பர். கொடுக்கின்ற சிறு தொகைக்கும் வெளிநாட்டில் அவர்கள் பெறும் பெருந்தொகைக்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுங்கள். சட்டத்தின் முன் முதலில் நிற்பவன் பிடித்தவனே என்பதையும் கூறுங்கள். ஐயத்துக்கு இடமான ஆட்கள் வந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கோ வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கோ தெரிவியுங்கள்.

அரசன் ஒருவனுக்கே உரியதாயிருந்த காடு இன்று நம் எல்லோர்க்கும் உரியதாயிற்று. உரிமை விரிந்த அளவுக்குக் காவலும் விரிதல் வேண்டும். வேலியில் போகும் ஓணானை மடியில் கட்டிக்கொள்ளாதே என்று நம் முன்னோர் கூறியது மனிதனின் நலம் கருதி. அதே மொழியை ஓணானின் நலம் கருதியும் நாம் இனிச் சொல்லிக்கொள்ளலாம்.